மெதுவாக ஓட்டுவதும் ஒரு வீரமே



சென்ற ஆடித் திங்களில் ஒரு ஞாயிறு மாலை. மருங்காபுரியை அடுத்த கிளைக் கிராமம் ஒன்றில் திருப்பலியை முடித்துக்கொண்டு நாம் புறப்படும் வேளையில், நன்கு அறிமுகமான குடும்பத் தலைவர் ஒருவர் நமது ஸ்கூட்டரின் முன்னே வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "சாமி, சின்னவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். மாட்டுக் கொட்டகையில் கிடந்த எங்கள் அப்பாவின் பழைய புல்லட்டை வெளியே இழுத்துப் போட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறான். வாங்குகிற சம்பளம் எல்லாம் அதற்கே போகிறது. எங்கள் வீட்டில் இன்னொரு மோட்டார் சைக்கிளா, சாமி?" என்றார். அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

அவர் சொல்லாமல் விட்டதை நாம் அறிவோம். நான்கு ஆண்டுகளுக்கு முன், துவரங்குறிச்சி வழியாக மதுரைக்குச் செல்லும் நான்கு வழிச் சாலையில், வாங்கி மூன்று மாதமே ஆன புது வண்டியில் விரைந்து சென்ற அவருடைய மூத்த மகன் வீடு திரும்பவில்லை. அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவர் நாமே. அன்று கல்லறைத் தோட்டத்தில் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நின்ற தம்பிதான் இன்று பழைய புல்லட்டைப் பிரித்துக்கொண்டிருப்பவன்.

ஆகவே நியாயம் முழுவதும் தந்தையின் பக்கமே என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். கண்டித்துவிட்டு வரும் எண்ணத்தோடு அடுத்த சனிக்கிழமை அவ்வீட்டிற்குச் சென்றோம். கண்டிக்கச் சென்ற நாமே பாடம் கற்றுத் திரும்பினோம். அதையே இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கொட்டகையில் கண்டது

பையன் மணப்பாறையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். பிட்டர் தொழிலை முறையாகப் பயின்றவன். கொட்டகையின் நடுவே சாக்கு விரித்து, வண்டியின் பாகங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். போல்ட்டுகளும் நட்டுகளும் பழைய பால்மாவு டப்பாக்களில் கிடந்தன. எந்த டப்பாவில் எந்த இடத்துப் போல்ட் என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தான். இவ்வளவு ஒழுங்கைக் கண்டதும் நமது கோபத்தில் பாதி அங்கேயே தணிந்தது.

"எதற்குத் தம்பி இந்த வேலை? அண்ணனை மறந்துவிட்டாயா?" என்று கேட்டோம்.

அவன் தலை நிமிரவில்லை. "மறக்காததால்தான் சாமி. இது வேகமாகப் போவதற்கு இல்லை. எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்று பார்ப்பதற்கு" என்றான்.

நமக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாக விளக்கினான்.

நமது பங்குத் திருவிழா விளையாட்டுகளிலும் பொங்கல் விழாக்களிலும் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டி நடத்துகிறோமன்றோ? கடைசியாக வந்து சேருபவனே வென்றவன். காலைத் தரையில் ஊன்றியவன் தோற்றவன். அப்போட்டியை மோட்டார் சைக்கிளில், பாறையிலும் ஓடையிலும் சேற்றிலும் வைத்தால் எப்படி இருக்கும்? அதற்குத்தான் மேலைநாடுகளில் 'டிரையல்ஸ்' என்று பெயர். சோதனை ஓட்டம் எனலாம். மெதுவாக வரவேண்டும் என்பது இங்கே விதியன்று. ஆயினும் மெதுவாகச் செல்லத் தெரியாதவன் இதில் ஓரடி கூட நகர முடியாது.

பாறைகளுக்கிடையே சில கஜ தூரத்திற்கு ஒரு குறுகிய வழியைக் குறித்து வைக்கிறார்கள். ஓட்டுபவர் முதலில் அதனை நடந்தே பார்த்துக்கொள்ளலாம். பிறகு வண்டியோடு நுழைய வேண்டும். வழியோரத்தில் ஒருவர் அட்டையோடு நின்று கணக்கெடுப்பார். கால் தரையில் படாமல் கடந்தால் சுழி. ஒரு முறை ஊன்றினால் ஒரு புள்ளி, இரு முறை ஊன்றினால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறையானாலும் மூன்று. விழுந்தாலோ, வழியை விட்டு விலகினாலோ ஐந்து. நாள் முழுவதும் இவ்வாறு பல இடங்களைக் கடந்து, முடிவில் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். பிழை செய்யாமையே இங்குப் பரிசு.

ஸ்காட்லாந்தில் வில்லியம் கோட்டை என்னும் ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் ஆறு நாட்கள் தொடர்ந்து நடைபெறும் போட்டியே இவற்றில் புகழ்மிக்கது. அதன் வரலாறு 1909-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது.

நம் புல்லட்டின் பிறப்பு

இனி அவன் சொன்னதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. நம் ஊர்ச் சாலைகளில் காவல்துறையினரும், மிராசுதாரர்களும், ஏன், பங்குத்தந்தையரும் ஓட்டித் திரிந்த புல்லட், முதலில் தன்னை மெய்ப்பித்துக் காட்டியது இத்தகைய சோதனை ஓட்டங்களில்தானாம். நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த நாளில் பங்கின் பழைய புல்லட்டில்தான் கிராமங்களுக்குச் சென்றோம். அதன் கிக்கர் திருப்பி அடித்து ஒரு வாரம் நொண்டியதும் உண்டு. அவ்வண்டிக்கு இப்படியொரு வரலாறு இருப்பதை அன்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இயங்கிய ராயல் என்பீல்டு நிறுவனம், 1948-இல் புதிய புல்லட்டின் மாதிரிகளைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் ஒரு சோதனை ஓட்டத்தில்தான் இறக்கிப் பார்த்தது. அக்காலத்து வண்டிகள் பலவற்றுக்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். கரடுமுரடான நிலத்தில் அதுவே நல்லது, பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்தால் பிடிப்பு போய்விடும் என்று தேர்ந்த ஓட்டுநர்களே நம்பினர். புல்லட்டிலோ பின்சக்கரத்தின் இருபுறமும் எண்ணெய் நிரம்பிய இரண்டு ஷாக் அப்சார்பர்கள். அவை சக்கரத்தைத் தரையோடு ஒட்டி நிற்கச் செய்தன. அதே 1948-இல் இத்தாலியின் சான்ரெமோ நகரில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில், வென்ற பிரிட்டிஷ் அணியைச் சேர்ந்த இருவர் புல்லட்டில் சென்று தங்கப் பதக்கம் பெற்றனர். அவர்களுள் ஒருவர் விக் பிரிட்டன். அவருடைய மகன் ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் 350 சி.சி. புல்லட்டிலேயே ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை வென்றார். தந்தையின் வழியில் மகன்!

இப்பரம்பரை நம் சென்னைக்கு வந்து சேர்ந்த கதையும் அறியத்தக்கது. நம் இராணுவம் எல்லைப் பணிக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் இங்கிலாந்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு எல்லாம் இங்கேயே உருவாயின. 1970-இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ உற்பத்தி நிற்கவில்லை. தாய்வீடு கைவிட்ட வண்டியை நம் தொழிலாளர்கள் தங்கள் கைகளால் காப்பாற்றினர். 1977 முதல் அது பிறந்த நாட்டிற்கே ஏற்றுமதியாயிற்று. 2019-இல் அந்நிறுவனமே பழைய நினைவைப் போற்றி 'டிரையல்ஸ்' என்ற பெயரில் ஒரு புல்லட்டை வெளியிட்டது. ஆயினும் அது சிறிது காலமே விற்பனையில் இருந்தது.

மேலைநாடுகளில் இவ்விளையாட்டு பின்னர் வேறு திசையில் வளர்ந்தது. புல்லட் 160 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 1964-இல் சாமி மில்லர் என்னும் அயர்லாந்துக்காரர் ஸ்பெயின் நாட்டின் புல்டாகோ நிறுவனத்திற்காக 'ஷெர்பா' என்னும் இலேசான வண்டியை உருவாக்கினார். அதன் எடை ஏறக்குறைய 90 கிலோ. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் வென்றார். கனமான வண்டிகளின் காலம் அத்தோடு முடிந்தது. 1980-களில் இரண்டு ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக நடுவில் ஒன்றே வைக்கும் முறை வந்ததும் ஷெர்பா போன்றவையும் பழையனவாயின. ஆனால் மக்கள் அவற்றைத் தூக்கி எறியவில்லை. இரட்டை ஷாக் அப்சார்பர், காற்றால் குளிரும் எஞ்சின், டிரம் பிரேக் ஆகியவை உள்ள வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவு வகுத்தனர். 1965-க்கு முற்பட்ட அமைப்புள்ளவற்றுக்கு மற்றொரு பிரிவு. இன்றும் தாத்தாவும் பேரனுமாகக் கொட்டகைகளில் அமர்ந்து அவற்றைப் பழுதுபார்த்து ஓட்டுகின்றனர்.

பழையதைப் பேணுவது நம் திருச்சிக்கும் புதியதன்று. ஊட்டி மலை இரயிலுக்கு, 2011 முதல் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து அனுப்பியது பொன்மலைப் பணிமனையன்றோ?

கைவேலையின் பாடம்

அந்தப் புல்லட் பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிட்டது. பையன் சம்மட்டியை எடுக்கவில்லை. பிளக் துளை வழியே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, நாள்தோறும் மாலையில் வந்து மெல்ல அசைத்துப் பார்த்தானாம். ஒன்பதாம் நாள் அசைந்தது. பதறாத காரியம் சிதறாது என்பது சும்மாவா?

துரு ஏறிய பெட்ரோல் டேங்கில் கூழாங்கற்களையும் டீசலையும் இட்டுக் குலுக்கிக் கழுவினான். பட்டறை முதலாளியின் அனுமதியோடு சிலிண்டருக்குப் போர் போட்டுப் புதுப் பிஸ்டன் சேர்த்தான். கிடைக்காத சில பாகங்களைச் சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்று தேடிப் பிடித்தான். சக்கரங்களுக்குக் கோட்டம் எடுக்க மட்டும் ஊர் மிதிவண்டிக் கடைப் பெரியவரிடம் மூன்று ஞாயிறு மாலைகள் மாணவனாக அமர்ந்தான்.

பிறகு சோதனை ஓட்டத்திற்கான மாற்றங்கள். கியர்பாக்ஸ் பல்சக்கரத்தைப் பல் குறைந்ததாக மாற்றினான். இதனால் வேகம் குறையும், இழுவை கூடும். பாறையில் இடிக்காதபடி சைலன்சரைத் தூக்கிப் பக்கவாட்டில் பொருத்தினான். நின்றுகொண்டே ஓட்ட வேண்டியிருப்பதால் கால் வைக்கும் கட்டைகளைச் சற்றுப் பின்னே தள்ளினான். டயரின் காற்றை வெகுவாகக் குறைத்தான். சாலையில் இருபது, முப்பது பவுண்டு வைக்கிறோம். டிரையல்ஸ் டயரில் நான்கு முதல் ஆறு பவுண்டே. அப்போதுதான் டயர் அமுங்கிப் பாறையைக் கவ்வும். காற்றுக் குறைந்த டயர் சக்கரத்தில் வழுக்கிச் சுழன்றுவிடாதிருக்க, அதனை ரிம்மோடு இறுக்கும் போல்ட்டையும் பூட்டினான்.

எஞ்சினில் மட்டும் அவன் எதையும் கூட்டவில்லை. 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். நீண்ட வீச்சும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்திருப்பதால், மற்ற எஞ்சின்கள் திணறி நின்றுவிடும் மெதுவான சுழற்சியிலும் அது நிதானமாக இழுத்துச் செல்லும். ஒவ்வொரு 'டப்' என்ற ஓசையையும் தனித்தனியே எண்ணலாம்.

ஒன்றை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். தாத்தாவின் வண்டிச் சட்டத்தில் ஓரிடத்தையும் அவன் அறுக்கவில்லை. கழற்றிய மட்கார்டு, சீட், பழைய சைலன்சர் அனைத்தையும் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறான். "வேண்டும்போது தாத்தா ஓட்டியபடியே திரும்பப் பூட்டிவிடலாம் சாமி" என்றான்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

நாம் தந்தையையும் மகனையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினோம். சம்பளத்தில் வீட்டிற்குரியதை முதலில் கொடுத்துவிட வேண்டும், மீதியில் ஒரு பகுதியே வண்டிக்கு என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தந்தை அரைமனத்தோடு இசைந்தார். இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு இவ்வாசை எழலாமாதலின், மற்ற நிபந்தனைகளையும் எழுதிவிடுகிறோம்.

முதலாவது, இவ்வாறு மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் அமைத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றமும் 2019-இல் இதனை வலியுறுத்தியது. நம் பையன் வண்டியைக் கொட்டகையிலிருந்து சொந்த நிலத்துப் பாறை வரை தள்ளிக்கொண்டே செல்கிறான்.

இரண்டாவது, காட்டுக்குள் போகலாகாது. நம் சுற்றுவட்டாரத்துக் குன்றுகளும் காடுகளும் வாயில்லா உயிர்களின் வீடு. பக்கத்துக் கடவூர் மலைக்காடு தேவாங்குகளுக்கென 2022-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம் பொழுதுபோக்கிற்காக அவற்றின் உறக்கத்தைக் கெடுப்பது தகாது. சொந்தப் பட்டா நிலத்திலோ, உரிமையாளர் இசைந்த நிலத்திலோ மட்டுமே ஓட்டலாம்.

மூன்றாவது, நடை வேகம்தானே என்று தலைக்கவசத்தை விடக்கூடாது. பாறைக்கு வேகம் தெரியாது. கணுக்காலை மூடும் காலணியும் தேவை. தனியே ஓட்டவே கூடாது. வண்டி சாய்ந்து காலை அமுக்கினால் தூக்கிவிட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். வேகமாகச் செல்லும் வண்டி தானே நிமிர்ந்து நிற்க முயலும். அதனால்தான் சற்றும் பயிற்சியில்லாத பிள்ளையும் நேர்ச்சாலையில் பறந்துவிட முடிகிறது. திறமை தனக்குள் இருப்பதாக அவன் எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அது அவன் திறமையன்று, வண்டியின் வேகம். நடை வேகத்திலோ அவ்வுதவி இல்லை. கிளட்ச், ஆக்சிலரேட்டர், பிரேக், உடம்பின் சாய்வு எல்லாம் ஓட்டுபவன் கையில். தன் குறை என்னவென்று அவனுக்கே தெரிந்துவிடும். குறை தெரிந்தவனுக்குச் சாலையில் அச்சம் இருக்கும். அவ்வச்சம் நல்லது. இளைஞனிடம் "வண்டியே தொடாதே" என்பதைவிட, "மெதுவாக ஓட்டிக் காட்டு" என்பது மேலான சவால் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.

பாறையின் மேல்

தைத் திங்களில் ஒரு ஞாயிறு பிற்பகல், வண்டி தயாராகிவிட்டது என்று செய்தி வந்தது. சென்றோம். வேப்பமரங்களுக்கு அப்பால் அவர்களுடைய பாறைக்காடு. சுண்ணாம்புப் பொடியால் இருபுறமும் கோடிட்டு ஒரு வழி அமைத்திருந்தான். இருபது கஜம் இருக்கும். நடுவே ஒரு படிப்பாறை, பிறகு ஒரு கூரிய திருப்பம், இறுதியில் சறுக்கும் சரளை.

தந்தை எட்டத்தில் ஒரு வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றார். அருகில் வரவில்லை. தாயார் வீட்டு வாசலிலேயே இருந்துவிட்டார்.

பையன் இருமுறை அவ்வழியை நடந்து பார்த்தான். தலைக்கவசம் அணிந்தான். கிக்கரை உதைத்தான். அந்தப் பழைய 'டப் டப்' ஓசை எழுந்ததும் தந்தையின் தலை சட்டென்று நிமிர்ந்ததைக் கண்டோம். அது அவருடைய தகப்பனார் சந்தையிலிருந்து வீடு திரும்பும் ஓசையன்றோ?

முதல் முறை படிப்பாறையிலேயே விழுந்தான். ஐந்து புள்ளி. இரண்டாம் முறை எத்தனை கால் ஊன்றினான் என்பதை நாம் எண்ணிக்கொண்டிருந்தபோதே கணக்குத் தவறிவிட்டோம். மூன்றாம் முறை படியை ஏறினான். திருப்பத்தில் முன்சக்கரம் தயங்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "கால்! வலது கால் பட்டுவிட்டது!"

தந்தைதான். நமக்குத் தெரியாமலே பத்தடி தூரத்திற்கு வந்துவிட்டிருந்தார். நம் கையிலிருந்த குறிப்பேட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "சாமி, உங்களுக்குக் கண் சரியில்லை. நான் எழுதுகிறேன்" என்றார்.

அந்தி மங்கும் வரை எழுதினார். ஐந்து, மூன்று, ஐந்து, மூன்று, இரண்டு. சுழி ஒன்றும் விழவில்லை. மகன் ஒருமுறை, "அது காலே இல்லை அப்பா, பூட்ஸ் கல்லில் உரசியது" என்று வாதாடினான். தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுகளாக அவ்வீட்டில் கேளாத வாக்குவாதம். கேட்க நமக்கு இனிமையாக இருந்தது.

புறப்படும்போது அவர் நம்மோடு ஸ்கூட்டர் வரை நடந்து வந்தார். சற்று நேரம் பேசாமல் நின்றார். "பெரியவனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தேன் சாமி. மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று வாயால் சொன்னேன். மெதுவாகப் போவதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கே தெரியாதே" என்றார்.

அதற்கு மறுமொழி கூற நம்மிடம் சொல் இல்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டு நின்றோம். குறிப்பேட்டை அவர் திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் அவருக்கு அது வேண்டியிருக்குமன்றோ?

அடுத்த திங்கள் சந்திப்போம்.